நான் செத்துப்போயிருந்த மலை

எனக்குச் சமாதி கட்டியவனை, அவன் கையாலேயே அதை இடிக்க வைத்தேன். இதை எழுதும்போதும் மனசு குளிர்ந்துதான் இருக்கிறது. கடைசியில் நான் அவனை மன்னித்துவிடுவேன் என்று யாரும் எதிர்பார்த்துப் படிக்க வேண்டாம்.

போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரியிடம் வேலை பார்த்தேன். இப்போதும் அங்கேதான் பார்க்கிறேன். மலையிலிருந்து மூட்டை மூட்டையாகக் காய் வந்து இறங்கும். கையளவு சாம்பிள் எடுத்து, நிறமும் பருமனும் பார்த்துப் பதிந்து வைப்பது என் சோலி. ஏலம் நடக்கிற நாளில் முதலாளிக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அவர் கண்ணைக் காட்டுகிற நேரத்தில் விலை கேட்கிற பட்டனை அமுக்குவேன். தலைக்குக் குளித்தாலும் ஏலக்காய் வாசம் என்னை விட்டுப் போகாது. என் அத்தை மகன் அதைச் சொல்லித்தான் என்னைக் கேலி செய்வான். பாயசத்துக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்பான்.

அவன் என் அப்பாவின் தங்கச்சி மகன். தேவாரத்தில் உரக்கடை வைத்திருக்கிறான். சின்ன வயசிலிருந்தே அவனுக்குத்தான் நான் என்று இரண்டு வீட்டிலும் பேச்சு. நான் மச்சான் என்று கூப்பிடுவேன், நேரில் மரியாதை குறையாமல்தான் பேசுவேன். எழுதும்போது அவன் இவன் என்று எழுதிக்கொள்கிறேன். ஒரு ஆவணியில் நிச்சயம் ஆனது. கத்தரிப்பூ நிறத்தில் கடுகு மஞ்சள் கரை வைத்த பட்டு, அவனே மதுரைக்குப் போய் எடுத்துவந்தது. கல்யாணத்தைத் தையில் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தார்கள்.

ஐப்பசி மழையில், குரங்கணிக்கு மேலே ஒரு தோட்டத்தில் காய் பார்த்து வரச்சொல்லி முதலாளி அனுப்பினார். தோட்ட வேலைக்குப் போகிற அக்காமாரோடு ஜீப்பில் போனேன். ஒரு வளைவில் ரோட்டோர மண் இளகியிருந்தது. ஜீப்பு மெதுவாகத்தான் சாய்ந்தது. கத்துவதற்கு நேரம் இருந்தது, ஆனால் யாரும் கத்தவில்லை. காப்பிச் செடிகளின் மேல் உருண்டு, ஒரு மரத்தில் முட்டி நின்றது. டிரைவருக்குக் கை முறிந்தது. அக்காமாருக்குத் தலையிலும் முதுகிலும் காயம். என் நெற்றி கிழிந்து, வலது கால் ஜீப்பின் கம்பிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. யாரும் சாகவில்லை.

என்னை வெளியே இழுத்தபோது நான் முதலில் கேட்டது என்ன என்பதை டிரைவர் அண்ணன் பிறகு சொல்லிச் சிரித்தார். "என் செருப்பு எங்கண்ணே, புதுசு அது" என்று கேட்டேனாம். என் அத்தை மகன் அந்த நேரத்தில் கோயம்புத்தூரில் ஒரு சிநேகிதன் கல்யாணத்தில் இருந்தான்.

தேனி ஆஸ்பத்திரியில் முழங்காலிலும் இடுப்பிலும் தகடு வைத்தார்கள். அவன் வரவில்லை. போனில் ஒன்றிரண்டு தரம் பேசினான். மழை எப்படி இருக்கிறது என்று கேட்டான். அத்தை ஆப்பிளும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்து, கட்டிலைச் சுற்றி ஒரு நடை நடந்து, போர்வைக்கு வெளியே தெரிந்த காலைப் பார்த்துவிட்டுப் போனாள். மார்கழி முடிகிற நேரத்தில் ஒரு சொந்தக்காரர் வந்து, ஜாதகத்தில் ஏதோ தோஷம் இப்போதுதான் தெரிந்தது என்றார். வாசலில் செருப்பு மாட்டும்போது அம்மாவிடம் தணிந்த குரலில், "மருமகளால மண்டி போட்டு ஒரு கோலம் போட முடியாதுல்ல ஆத்தா, அதான் யோசிக்கிறாக" என்றார். எனக்கு நன்றாகக் கேட்டது. அப்பா தன் தங்கச்சியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த ஆவணியில் அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. அப்பா போய் மொய் எழுதிவிட்டு வந்தார். அம்மா போகவில்லை.

முதலாளி நல்லவர். வீட்டில் இருந்தே பார் என்று ஒரு லேப்டாப்பைக் கொடுத்து அனுப்பினார். படுக்கையில் சாய்ந்தபடி சாம்பிள் விவரங்களை ஏற்றுவேன். மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்ப்பேன். தேனியில் எனக்குக் காலை மடக்கப் பழக்கிய டாக்டரம்மாதான் முதன்முதலில் அந்த உலகத்தைப் பற்றிச் சொன்னார். என்னைப் போல விழுந்து கிடக்கிறவர்கள் கூடுகிற இடம் ஒன்று இணையத்தில் இருக்கிறது, ஒரு உருவத்தைச் செய்துகொண்டு உள்ளே போனால் நடக்கலாம், பேசலாம், மனசு லேசாகும் என்றார். ஆனால் தினமும் கால் பயிற்சியை முடித்த பிறகுதான் போக வேண்டும் என்று கண்டிஷன் போட்டார். மெய்நிகர் உலகம் என்று பேப்பரில் எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் அதற்கு 'பொம்மைக் கேமு' என்று பேர்.

சுருட்டை முடியும் சிவப்பு ஷூவுமாக உயரமான ஒரு பெண்ணைச் செய்தேன். முதல் நாள் நான் யாரோடும் பேசவில்லை. நடந்தேன். ஒரு கடற்கரை முழுக்க நடந்தேன், ஒரு கோபுரத்தின் படிகள் அத்தனையும் ஏறினேன், மேலிருந்து குதித்தேன், ஒன்றும் ஆகவில்லை, மறுபடியும் ஏறினேன். அம்மா சோறு கொண்டுவந்தபோது என் கண்ணெல்லாம் ஈரமாக இருந்தது. அந்த உலகத்தில் நல்லது இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். கழுத்துக்குக் கீழே அசையாத ஒருவர் அங்கே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். திக்கித் திக்கிப் பேசுகிற ஒரு பெண் அங்கே மட்டும் பாடினாள். எனக்கு முன்னால் விழுந்தவர்கள் எப்படிக் குளிக்கிறார்கள், எப்படிப் பஸ்சில் ஏறுகிறார்கள் என்பதை அவர்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஒருநாள் தேடுகிற இடத்தில் சும்மா 'குரங்கணி' என்று அடித்தேன். வந்தது.

யாரோ எங்கள் மலையைக் கட்டியிருந்தார்கள். அடிவாரத்தில் டீக்கடை, ஜீப்பு நிற்கிற இடம், வளைந்து வளைந்து ஏறுகிற ரோடு. ஏலச்செடிக்குப் பதிலாக ஏதோ இஞ்சிச் செடியை நட்டிருந்தார்கள், மற்றபடி சரியாகத்தான் இருந்தது. சிவப்பு ஷூவோடு ஏறிப் போனேன். ஒரு வளைவில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். நடுவில் ஒரு கல், கல்லின் முன்னால் அணையாமல் எரிகிற விளக்கு, சுற்றிலும் வெள்ளைப் பூ. கல்லுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் சிலை. கத்தரிப்பூ நிறப் புடவை, கடுகு மஞ்சள் கரை. கல்லில், வீட்டில் என்னைக் கூப்பிடுகிற செல்லப்பேர் பொறித்திருந்தது. அதற்குக் கீழே, 'இந்த வளைவில் என்னை விட்டுப் போனவளுக்கு' என்று இருந்தது.

நான் மைக்கைத் திறக்காமல் நின்றேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு சாயங்காலம் அந்த மலைக்குச் சொந்தக்காரர் வந்து பேசுவார் என்று பக்கத்தில் நின்றவர் எழுதிக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு உருவம் வந்தது. பேச ஆரம்பித்ததும் குரல் யாருடையது என்று தெரிந்துவிட்டது.

அவன் கதை சொன்னான். நிச்சயம் முடிந்து இரண்டு பேரும் மலைக்குப் போனோமாம். ஜீப்பு சாய்ந்ததாம். அவன் என் கையைப் பிடித்திருந்தானாம். தலையை அவன் மடியில் வைத்துக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணும் மச்சான், வேற கல்யாணம் பண்ணிக்கங்க" என்று சொல்லிவிட்டு நான் கண்ணை மூடினேனாம். அவன் குரல் உடைந்தது. சுற்றி நின்றவர்கள் அழுதார்கள். உருவம் அழாது, ஆனால் மைக்கில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

என்னைக் கொன்றதைக்கூட நான் பொறுத்திருப்பேனோ என்னவோ. என் வாயில் அந்த வார்த்தையை வைத்தானே, வேற கல்யாணம் பண்ணிக்கங்க என்று, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவன் பண்ணிக்கொண்ட கல்யாணத்துக்கு நான் அனுமதி கொடுத்துவிட்டுச் செத்திருக்கிறேன்.

அன்றே கத்தியிருக்கலாம். கத்தவில்லை. வெரசா முடிந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். எழுத்திலேயே அவனோடு பழக ஆரம்பித்தேன். குரலைக் காட்டவில்லை. ஈரோட்டுப் பக்கம் என்று சொல்லிவைத்தேன். அவளைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்பேன். அவன் எழுதிக்கொண்டே இருப்பான். நான் சமைத்த குழம்பு, நான் பாடிய பாட்டு, நான் யாருக்கோ செய்த உதவி. எதுவும் நடந்தது இல்லை. எனக்குப் பாடவே வராது.

அந்த மாதங்களில் எனக்கு என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் கல்லின் முன்னால் என்னைப் பற்றி நல்லபடி பேசுகிறவர்களைப் போல உயிரோடு இருக்கிற என்னைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை. கம்பத்தில் ஜவுளிக்கடைக் குடும்பத்து மருமகள் ஒருத்தர் தினமும் மத்தியானத் தொழுகை முடித்துவிட்டு அங்கே வருவார். தோளில் நீலப் பறவை உட்கார்ந்த உருவம் அவருடையது. பிரசவத்தில் இறந்துபோன தன் தங்கச்சியைப் பற்றி அந்தக் கல்லிடம் பேசுவார். அப்புறம் எனக்காகவும் துஆ கேட்பார். கேட்டுக் கேட்டு, செத்துப்போன அந்தப் பெண்ணுக்காக நானும் அழ ஆரம்பித்தேன். அவள் என்னைவிட நல்லவள் என்று தோன்றியது. ஒருநாள் அம்மா செல்லப்பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தப் பேர்க்காரி இறந்துவிட்டாளே என்பதுபோல ஒரு நிமிஷம் சும்மா இருந்தேன். பிறகுதான் திரும்பினேன்.

கால் பயிற்சி நின்றுபோயிருந்தது. அம்மா கதவருகே நின்று, "அந்தப் பொம்மைய நடக்க விட்டுட்டு நீ படுத்தே கெடக்கியே ஆத்தா" என்றாள். நான் எரிந்து விழுந்தேன். பொம்மையை நடக்க விடாமல் நான் என்ன செய்வது, எனக்கு ஒரு சோலி பாக்கி இருந்தது.

நான் அடிபட்ட பிறகு வருகிற இரண்டாவது ஐப்பசி நெருங்கியது. நான்தான் அவனுக்கு எழுதினேன்: நினைவு நாளைப் பெரிதாகச் செய்யுங்கள், எல்லாரையும் கூப்பிடுங்கள், வந்தவர்கள் ஒவ்வொருவராக நாலு வார்த்தை பேசட்டும். உங்களுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று பதில் எழுதினான். அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்துச் சந்தோஷப்பட்டேன்.

நான் ஒரு புது உருவம் செய்தேன், என்னைப் போலவே. குட்டை, கறுப்பு, முன்நெற்றியில் தையல் தழும்பு. கையில் ஊன்றுகோல் கொடுத்தேன். நொண்டுகிற நடை அங்கே சுலபமாகக் கிடைக்கவில்லை. அங்கே எல்லாரும் நன்றாக நடக்கத்தான் வருகிறார்கள். தேடியதில், சண்டைக் காட்சிகளுக்காக யாரோ செய்து வைத்திருந்த, காயம்பட்ட சிப்பாயின் நடை கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டேன். பொருத்தமாகத்தான் இருந்தது.

அந்த ஞாயிறு சாயங்காலம் வளைவு முழுக்கக் கூட்டம். அவன் கதையைச் சொல்லி முடித்தான். ஒவ்வொருவராகப் பேசினார்கள். கம்பத்து அக்கா எனக்காகத் துஆ கேட்டார். பிறகு நான் சிப்பாய் நடை நடந்து கல்லின் பக்கத்தில் போய் நின்றேன். மைக்கைத் திறந்தேன்.

"மச்சான், நான் உசுரோடதான் இருக்கேன்."

இதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ நாள் கனவு கண்டிருந்தேன். ஆனால் அங்கே முகம் மாறாது. வெள்ளைச் சட்டை உருவம் லேசாக மூச்சு விட்டபடி, முன்பு எப்படி நின்றதோ அப்படியே நின்றது. அவன் மைக் வழியாக ஃபேன் ஓடுகிற சத்தமும் அடுப்படியில் குக்கர் விசிலும் கேட்டன. அப்புறம் அவன் மற்றவர்களிடம், யாரோ விளையாடுகிறார்கள், கண்டுகொள்ளாதீர்கள் என்று சொன்னான். குரல் மட்டும் நடுங்கியது.

"வெளையாடலை. உங்க மாமன் மகதான் பேசுறேன். அன்னைக்கு நீங்க ஜீப்புல இல்ல. கோயம்புத்தூர்ல பந்தியில உக்காந்திருந்தீங்க. நான் யாரையும் கல்யாணம் பண்ணச் சொல்லலை. என் செருப்பைத்தான் கேட்டேன். கால் போனதும் நீங்க என்னை வேண்டாம்னுட்டீங்க, அவ்வளவுதான் நடந்துச்சு."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். வெள்ளைச் சட்டை மறைந்தது. அவன் வெளியே போய்விட்டான்.

எல்லாரும் என் பக்கம் வந்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். சிலர் வந்தார்கள். சிலர் நான்தான் போலி என்றார்கள், இறந்தவளின் பேரில் இப்படி அசிங்கம் பண்ணலாமா என்று திட்டினார்கள். தோளில் நீலப் பறவையோடு அந்த அக்கா நெருங்கி வந்து நின்றார்.

"நீ உசுரோட இருக்கேன்னா, நான் இத்தன நாளா யாருக்கு அழுதேன்?"

அதை அவனிடம் கேளுங்கள் அக்கா என்றேன்.

"அவன் போயிட்டான். நீதான் நிக்கிற."

லேப்டாப்பை மூடிவிட்டு, கூடத்தில் இருந்த அம்மாவிடம் போய் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டுக் குடித்தேன். சந்தோஷத்தில்தான் தாகம் எடுத்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

மறுநாள் காலையில் அவன் என் போனுக்கே கூப்பிட்டான். நிச்சயம் முறிந்த பிறகு முதல் தடவை. ஏன் இப்படிச் செய்தாய், எத்தனை பேர் முன்னால் அவமானப்படுத்திவிட்டாய் என்று ஆரம்பித்தான். போகப் போக அவன் சுருதி இறங்கியது. அம்மா பேச்சை மீற முடியவில்லை என்றான். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் மாமன் மகளை விட்டுவிட்டாயே என்று கேட்டார்கள் என்றான். ஒருநாள் விளையாட்டாக அந்த உலகத்துக்குள் போய், ஒருவர் கேட்டபோது வருங்கால மனைவி விபத்தில் இறந்துவிட்டாள் என்று சொல்லியிருக்கிறான். அவர்கள் காட்டிய பரிவில் மேலே மேலே சொல்லிக்கொண்டு போயிருக்கிறான். பிறகு அவனுக்கே அது நிஜமாகிவிட்டது என்றான். மழை பெய்தால் அந்த ஜீப்பு கண்முன் வந்துவிடுமாம். காப்பிப்பூ வாசம்கூட மூக்கில் வருமாம்.

"ஐப்பசியில ஏது மச்சான் காப்பிப்பூ?" என்றேன்.

அவன் காப்பிப்பூவை விட்டுவிட்டான். பிறகு சொன்னான்: "நீ செத்துட்டன்னு நெனச்சாத்தான் என்னால நடமாட முடிஞ்சுச்சு. அங்க ஒருத்தராவது என்னைய நல்லவன்னு சொன்னாங்க."

அவன் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. அது என் கோபத்தை ஒரு துளிகூடக் குறைக்கவில்லை. அவன் நடமாடுவதற்காக நான் சாக வேண்டியிருந்தது என்பதை அவன் வாயாலேயே சொல்கிறான், அப்படிச் சொல்கிறோம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

"ஞாயித்துக்கெழமை சாயங்காலம் எல்லாரையும் திரும்பக் கூப்பிடுங்க. என்ன நடந்துச்சுன்னு உங்க வாயால சொல்லுங்க. அப்புறம் அவுங்க முன்னால நீங்களே எல்லாத்தையும் எடுங்க. இல்லைன்னா பஸ்சு ஏறித் தேவாரம் வருவேன். உங்க கடை வாசல்ல உக்காந்துக்குவேன். ஒண்ணும் பேச மாட்டேன். வர்றவுக போறவுக பாக்குற மாதிரி உக்காந்திருப்பேன்."

அவன் கெஞ்சினான். எத்தனையோ தடவை நான் மனசுக்குள் கேட்டுப் பார்த்த கெஞ்சல்தான். காதால் கேட்க இன்னும் நன்றாக இருந்தது. கேட்டு முடித்துவிட்டுப் போனை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். போன தடவையைவிடக் கூட்டம் அதிகம். என்னைத் திட்டியவர்களும் வந்திருந்தார்கள். அவன் குரலைத் தூக்காமல், ஒப்பிப்பதுபோலச் சொன்னான்: "இவ சாகல. நான் ஜீப்புல இல்ல. அடிபட்டவளை நான்தான் விட்டுட்டேன்." அப்புறம் எடுக்க ஆரம்பித்தான். அங்கே ஒரு பொருளை அழிக்க அதைத் தொட்டால், நிச்சயமாக அழிக்கலாமா என்று ஒரு கேள்வி வரும். ஒவ்வொன்றுக்கும் அவன் ஆமாம் சொல்ல வேண்டும். முதலில் பூக்கள். பிறகு விளக்கு, பிறகு கல். சிலையைத் தொட்டுவிட்டு வெகு நேரம் நின்றான். நான் என் ஊன்றுகோலோடு எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தரிப்பூப் புடவை போய்விட்டது. நான் கேட்காமலேயே டீக்கடையையும் ரோட்டையும் எடுத்தான், கடைசியில் மலையே இல்லை. எதுவும் கட்டாத இடம் அங்கே கடல்தான், நாங்கள் எல்லாரும் வெறும் தண்ணீர் மேல் நின்றுகொண்டிருந்தோம்.

அத்தை அப்பாவுக்குப் போன் போட்டு, உன் மகள் என் பிள்ளையைப் பைத்தியமாக்கிவிட்டாள், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான் என்று அழுதாளாம். அப்பா வழக்கம்போல ஒன்றும் சொல்லத் தெரியாமல் நின்றார். அம்மா போனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். அங்கே அவள் பேசியதை எழுத முடியாது. அவள் திரும்பி வந்தபோது பத்து வயசு குறைந்த மாதிரி இருந்தாள்.

ஒரு வாரம் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். அதற்கப்புறம் கை தானாக லேப்டாப்பைத் திறந்து 'குரங்கணி' என்று அடிக்கும். அப்படி ஒரு இடம் இல்லை என்று வரும். மறுபடியும் அடிப்பேன். அத்தனை மாதமும் அந்த இடத்துக்குப் போவதற்காகவே எழுந்து, அதைப் பற்றியே நினைத்து, அவனை எப்படி மாட்டிவைப்பது என்று திட்டம் போட்டுத்தான் பொழுது போயிருக்கிறது. இப்போது பொழுது அப்படியே கிடந்தது. அந்தச் செத்துப்போன பெண்ணும் இல்லை. அவளுக்காக ஏங்குகிறேன் என்று யாரிடம் சொல்ல முடியும்?

தேனிக்குப் போனபோது டாக்டரம்மா முழங்காலை மடக்கிப் பார்த்துவிட்டு என்னை ரொம்ப நேரம் திட்டினார். ஆரம்பத்தில் விடாமல் செய்திருந்தால் நன்றாக மடங்கியிருக்கும், இப்போது பாதிதான் தேறும் என்றார். அவர் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார், நான் மனசுக்குள் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து பயிற்சியை விடவில்லை. ஊன்றுகோலோடு முதலாளி கடைக்கு நடந்தே போகிறேன். சனிக்கிழமை மட்டும் அந்த உலகத்துக்குள் போய், பழைய கூட்டத்தோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறேன். சிவப்பு ஷூக்காரியாகப் போவதில்லை. நொண்டுகிற உருவத்திலேயே போகிறேன்.

சனிக்கிழமைப் பேச்சில் நான் சொன்ன அடையாளத்தை வைத்து, கம்பத்து அக்கா ஒருநாள் கடைக்கே வந்துவிட்டார். நான் சாம்பிள் தட்டுகளோடு உட்கார்ந்திருந்தேன். கறுப்பு புர்கா, கையில் ஒரு துணிப்பை, வாசலில் நின்று என் செல்லப்பேரைச் சொல்லிக் கேட்டார். குரலில் கண்டுகொண்டேன். நீலப் பறவை இல்லாமல் அவர் ரொம்பச் சின்னவராகத் தெரிந்தார். எதிரே உட்கார்ந்து என் முகத்தையும் தழும்பையும் காலையும் பார்த்தார். நிஜம்தானா என்று பார்க்க வந்தேன் என்றார். டீ வரவழைத்தேன். பாதி குடித்துவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்த மாதிரி இருந்து, பிறகு சொன்னார்:

"உண்மையச் சொல்லட்டுமா, நீ மௌத்தானவளா இருந்தப்ப உம்மேல எனக்குப் பாசம் ஜாஸ்தி."

"எனக்கும் அப்படித்தாங்க்கா இருந்துச்சு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தன் தங்கச்சியைப் பற்றிப் பேசினார். இத்தனை நாள் ஒரு கல்லிடம் சொன்னதையெல்லாம் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து என்னிடம் சொன்னார். பிள்ளை பிழைத்துவிட்டதாம், இப்போது பள்ளிக்கூடம் போகிறதாம், அம்மாவின் சாடை அப்படியே இருக்கிறதாம். போகும்போது பையிலிருந்து ஒரு ரவிக்கைத் துணியை எடுத்து மேசைமேல் வைத்தார். அதற்குப் பிறகு அடிக்கடி போனில் பேசிக்கொள்கிறோம். சில நாள் சண்டையும் வரும். நான் அன்றைக்கு எல்லார் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டியதில்லை, தனியாகச் சொல்லியிருக்கலாம் என்பது அவர் கட்சி. நான் ஒத்துக்கொள்வதில்லை.

போன மாதம் அவர் ஒரு சேதி சொன்னார். வேறு ஒரு உலகத்தில், ஏதோ ஆற்றங்கரையில், ஒருவன் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறானாம். குரல் அதே குரல்தானாம். நிச்சயம் செய்த பெண் தன்னை ஊரார் முன்னால் அவமானப்படுத்தி, தன் வாழ்க்கையையே கெடுத்துவிட்டாள் என்று கதை சொல்கிறானாம். கேட்கிறவர்கள் எல்லாம் அவளைச் சபிக்கிறார்களாம். இதை என்னிடம் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன் என்றார்.

எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தார். வரவில்லை. இந்தத் தடவை கதையில் நான் சாகவில்லை, என்னைப் பார்த்து அவன் பயப்படுகிறான், அது எனக்குப் பிடித்திருந்தது. போகப் போகிறாயா என்று கேட்டார். இப்போதைக்கு இல்லை அக்கா, காய் வரத்து ஜாஸ்தியாக இருக்கிறது, சோலி சரியாக இருக்கிறது என்றேன்.

அந்த ஆற்றங்கரைக்கு எப்படிப் போவது என்பதை மட்டும் கேட்டுத் தெரிந்துவைத்துக்கொண்டேன்.